செண்பகத்தக்கா தவடையும் நான் வச்ச அடைப்பும்

புதுசா போர்டு மாட்டியிருக்கிற பல் டாக்டர் பிள்ளைகளா, உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. மறைக்கல, வெளிப்படையாவே சொல்லிடுதேன். உங்க நாற்காலி பட்டனத் தட்டுனா படுக்குது, இன்னொரு பட்டனத் தட்டுனா எந்திரிக்குது. எழுபதுகளோட கடைசியில தென்காசியில நான் கிளினிக் திறந்தப்ப, நாற்காலிய நானே காலால மிதிச்சு மிதிச்சு ஒசத்தணும். கனத்த ஆளு உக்காந்துட்டா எனக்கு மூச்சு வாங்கும். அவரு, “பாவம், டாக்டரம்மா உக்காருங்க, நான் நிக்கேன்”னு எந்திரிச்சிருவாரு.

என்னயப் பத்தி ஒண்ணு சொல்லிடுதேன். நான் கோவக்காரி. குரலும் பெரிசு. பேஷண்ட்ட வையுததுல எனக்கு ஈடு கிடையாதுன்னு ஊர்ல பேரு. ஆனா இன்னைக்கு நான் சொல்லப் போறது நான் மத்தவங்கள வைஞ்ச கதை இல்ல. நான் என்னயே வைஞ்சுக்கிட்ட கதை.

தாடை மூட்டு நோவுக்கு இப்ப மூணு எழுத்துல சுருக்கமா ஒரு பேரு வச்சிருக்கீங்க. நாங்க படிக்கையில அப்படி இல்ல. முதல்ல வாங்குன புத்தகத்துல யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேரச் சொல்லி ஒரு சிண்ட்ரோம். அத மனப்பாடம் பண்ணி முடிக்கதுக்குள்ள, அது பழசு, இனிமே ‘மயோஃபேசியல் பெயின் டிஸ்ஃபங்ஷன் சிண்ட்ரோம்’னு சொல்லணும்னுட்டாங்க. அத ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க, சொல்லுதவங்களுக்கே தவடை வலிக்கும். அந்தப் பேரச் சுமந்துக்கிட்டு தென்காசிக்கு வந்தா, இங்கன ஊர்க்காரங்க வேற அகராதி வச்சிருக்காங்க. ஒருத்தர் வந்து “தவடை பூட்டிக்கிட்டு”ன்னு சொல்லுவாரு. இன்னொருத்தர் “அலகு இறங்கிட்டு”ன்னு வருவாரு. ஒரு டீச்சரம்மா வந்து, “மெல்லும்போதெல்லாம் காதுக்குப் பக்கத்துல யாரோ சொடக்குப் போடுதாங்க டாக்டர்”னாங்க. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிடுவேன், படிச்ச திமிரு.

பிறகுதான் எனக்கு உறைச்சுது. அவங்க சொன்ன ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு தனி கோளாறு. பூட்டிக்கிட்டுன்னா மூடுன வாய் தொறக்க வரல. தசை இறுகியிருக்கும், இல்ல மூட்டுக்குள்ள இருக்கிற தட்டு எடம் மாறிக் குறுக்க நிக்கும். இறங்கிட்டுன்னா தொறந்த வாய் மூட வரல, மூட்டே கழன்டிருக்கும். சொடக்குன்னா தட்டு நகந்து நகந்து திரும்ப எடத்துக்கு வருது. நாங்க இந்த மூணையும் ஒரே நீளப் பேருக்குள்ள போட்டு மூடி வச்சிருந்தோம்.

காரணமும் ஆளுக்கு ஆளு வேற. ஒரே பக்கம் மெல்லுதவங்க உண்டு. தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கவங்க உண்டு. பல்லு போன எடத்த வருசக்கணக்கா சும்மா விட்டவங்க உண்டு. சீசன் வந்துட்டா குற்றாலம் எனக்குன்னு தனியா ஆளு அனுப்பும். ஒரு தடவ மெட்ராஸ்காரர் ஒருத்தர் ஐந்தருவிக்குக் கீழ நின்னு சந்தோசத்துல ஆவ்னு கத்தியிருக்காரு, அலகு இறங்கிட்டு. ஈரத்துண்டோட, தொறந்த வாயோட, கார்ல ஏத்திக் கொண்டாந்தாங்க. என்ன நடந்துதுன்னு கேட்டா பேச முடியல, ரெண்டு கையாலயும் அருவி விழுததக் காட்டுதாரு. நான் கட்டவெரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கீழ்ப்பல்லு மேல வச்சு அமுக்கிப் பின்னால தள்ளுனேன். ‘டொக்’குன்னு ஏறிட்டு. மனுசன் சொன்ன முதல் வார்த்தை, “மறுபடி குளிக்கலாமா?” எனக்கு வந்த கோவத்துக்கும் சிரிப்புக்கும் அளவே இல்ல.

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க ஊர்க்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் “இப்ப எப்படி இருக்கு?”ன்னு கேட்டா, “இப்ப தேவல”ன்னுதான் சொல்லணும். உசுரு போற மாதிரி வலிச்சாலும் அதான் மரியாதை. விருந்துக்குப் போன வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா, கொழம்புல உப்பு இல்லன்னா சொல்லுவோம்? இந்த மரியாதையாலதான் நான் மாட்டுனேன்.

செண்பகத்தக்காவுக்குக் குத்துக்கல்வலசையில வீடு. அப்ப நாப்பத்தஞ்சு வயசிருக்கும். வயக்காட்டு வேலையும் பாப்பாங்க, ஊரு வேலையும் பாப்பாங்க. அவங்க குலவைக்குச் சுத்துவட்டாரத்துல பேரு. கோயில் கொடையோ கல்யாணமோ, நாக்கச் சுழட்டி அவங்க ஒரு குலவை போட்டா, மேளக்காரரு திரும்பி ஒரு பார்வை பாத்துட்டுத்தான் அடுத்த அடி அடிப்பாரு. “செண்பகம் வந்தாச்சா?”ன்னு கேட்டுட்டுத்தான் எந்த வீட்டுலயும் தாம்பாளத்தத் தூக்குவாங்க. அவங்க வீட்டுக்காரரு மந்திரமூர்த்தி அண்ணாச்சி நேரெதிரு. கோழிய விரட்டும்போதுகூட “போங்க, போங்க”ன்னு சொல்லுத ஆளு.

ஒரு வைகாசி மாசம் அக்காவுக்குக் கீழ் இடதுபக்கக் கடைவாய்ப் பல்ல அடைச்சேன். மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையச் சுரண்டி, வெள்ளிப்பொடியையும் பாதரசத்தையும் கொழச்சு வச்சாச்சு. அதுக்கப்புறம் கடிச்சுப் பாக்கணும்லா. மேடா நின்னா எங்கன இடிக்குதுன்னு புள்ளி வச்சுக் காட்ட ஒரு நீலக்காகிதம் வேணும். எங்கிட்ட தீந்துபோயிட்டு. தீந்தா, பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல கார்பன் பேப்பர் வாங்கி, கீறிக் கீறி வச்சுக்கிடுவேன். சிரிக்காதீங்க பிள்ளைகளா, அது நல்லாவே வேலை செஞ்சுது. என் பேஷண்ட்டு பாதிப் பேரு அந்தக் காலத்துல ஊதா நாக்கோடதான் வீட்டுக்குப் போனாங்க.

அன்னைக்குப் பாத்து இன்ஸ்டிட்யூட்டுல பரீட்சை. உள்ள தடதடன்னு சத்தம். மாஸ்டர் வாசல்ல நின்னு, ஒதட்டு மேல வெரல வச்சு, போ போன்னு என்னய விரட்டிட்டாரு. நான் முறைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தேன். “அக்கா, கடிச்சுப் பாருங்க. சரியா இருக்கா?”

“தங்கமா இருக்கு டாக்டரம்மா.”

பாதி வாய் மரத்துப்போயிருக்கு. அங்கன பல்லு இருக்கதே அவங்களுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், தங்கமா இருக்குங்கிற வார்த்தையக் கேட்டு மனசு குளுந்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு மந்திரமூர்த்தி அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகையோட வந்தாரு. மூத்த பொண்ணுக்கு செங்கோட்டையில மாப்பிள்ளை, குற்றாலத்துல கல்யாணம், இன்னும் ஒம்பதே நாளு. தாம்பாளத்துல வெத்தல, பாக்கு, பத்திரிகை எல்லாம் இருக்கு. ஆனா ஆளு தனியா வந்திருக்காரு. எங்க பக்கம் பத்திரிகை வைக்கப் புருசன் பொண்டாட்டி சேந்துதான் வருவாங்க.

“அக்கா எங்க அண்ணாச்சி?”

“அவளுக்கு வீட்டுல சோலி.”

“பத்திரிகை வைக்கதவிட என்ன சோலி?”

அவரு மேல சுத்துத ஃபேனப் பாத்தாரு, தாம்பாளத்தப் பாத்தாரு, பைய சொன்னாரு. “தவடை பூட்டிக்கிட்டு டாக்டரம்மா. சோறு உள்ள போக மாட்டேங்கு. ரெண்டு வாரமாச்சு.”

எனக்கு வந்துது பாருங்க கோவம். ரெண்டு வாரமா என்ன பண்ணுனீங்கன்னு கத்துனேன். காது வலின்னு நெனச்சு காதுக்கு மருந்து ஊத்தியிருக்காங்க. குற்றாலத்துல எண்ணெ தேய்க்கிறவருகிட்ட போயிக் கன்னத்த உருவி விட்டிருக்காங்க. வாய்வுன்னு ஒருத்தரு கசாயம் குடுத்திருக்காரு. கடைசியா, இது ரணஜன்னியா, அதான் டெட்டனஸா, இருக்குமோன்னு யாரோ பட்டணம் பாத்தவரு வாயத் தொறந்து சொல்லி வச்சிட்டாரு. அவரு வாயத்தான் மொதல்ல பூட்டியிருக்கணும். அந்தப் பேச்சு அப்படியே பஸ் ஏறி செங்கோட்டைக்குப் போயிட்டு.

“இத்தன பேருகிட்ட போனவங்க எங்கிட்ட ஏன் வரல?”

“உங்க மனசு கஷ்டப்படும்னா அவ.”

“என் மனசு எதுக்குக் கஷ்டப்படுது?”

அண்ணாச்சி தாம்பாளத்துல வெத்தலைய நேரா எடுத்து வச்சாரு. எனக்குப் புரியல. என் கோவத்துல எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டுது. இன்னைக்குச் சாயந்தரமே கூட்டிட்டு வாங்கன்னு விரட்டுனேன்.

வந்தாங்க. சாரலுக்குப் பிடிச்ச கொடையோட அண்ணாச்சியும் கூட நின்னாரு. அக்கா ஆளு பாதியா இருந்தாங்க. மூணு வெரல நட்டமா வச்சா உள்ள போகணும்லா, அவங்களுக்கு ஒண்ணரை வெரலுக்கு மேல வாய் தொறக்கல. கன்னத்துத் தசையத் தொட்டா கல்லு. காய்ச்சல் இல்ல, கழுத்து வெறைப்பு இல்ல, புண்ணு இல்ல, ரணஜன்னிக்கான அடையாளம் ஒண்ணுகூட இல்ல. நான் மேசையில உக்காந்து, கேஸ் சீட்டுல அந்த நீளப் பேர அழகா எழுதுனேன். பக்கத்துல காரணமும் எழுதுனேன்: மனக்கவலை, பல்லக் கடிக்காங்க. பொண்ணக் கட்டிக் குடுக்குத தாய், கவலையில பல்லக் கடிக்கா, தசை இறுகிட்டு. எவ்வளவு பொருத்தம் பாருங்க! புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருந்துது. தப்பும் இல்ல, கவலை அவங்களுக்கு நெசமாவே இருந்துது. ஆனா காரணம் தேடுத கை, நம்மள விட்டுட்டு மத்த எல்லாரையும் காட்டும்ங்கிறது எனக்கு அன்னைக்குத் தெரியாது.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து அனுப்பிரலாம்னு நெனச்சேன். அனுப்புதுக்கு முந்தி சும்மா ஒரு தடவ டார்ச் அடிச்சு உள்ள பாத்தேன். வெள்ளி அடைப்பு மங்கலாத்தான் இருக்கும். நான் வச்ச அடைப்புல, நடுவுல, ஒரு எடம் மட்டும் பளபளன்னு மின்னுச்சு. கடுகளவுதான்.

டார்ச்ச இன்னும் கிட்ட கொண்டு போனேன். மேல்பல்லு வந்து வந்து இடிச்ச எடம் அது. அந்த மேட்டுல இடிச்சிரக் கூடாதுன்னு அவங்க தவடை ஒதுங்கி ஒதுங்கிக் கடிச்சிருக்கு. மூணு வாரமா ஒதுங்குன தசை இறுகிப் போயிட்டு. என் மனசு ஏன் கஷ்டப்படும்னு அந்தச் செகண்டுதான் புரிஞ்சுது. வலி நான் பல்லடைச்ச பெறகு வந்துதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதச் சொன்னா நான் வருத்தப்படுவேன்னு, ஊரெல்லாம் சுத்தியிருக்காங்க மகராசி.

உங்ககிட்ட மறைக்க எனக்கு ஒண்ணுமில்ல. என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? மேட்ட மிஷினால தேச்சு ராவி விட ரெண்டு நிமிசம். சத்தமில்லாம ராவி விட்டுட்டு, கவலையக் குறைங்கக்கான்னு புத்தி சொல்லி அனுப்பிரலாம். குணமானா எனக்குத்தான் பேரு. ஊருக்கு வந்து அஞ்சு வருசம்தான் ஆகுது, பொம்பள டாக்டரு பல்லப் பிடுங்குவாளான்னு கேட்டவங்க இப்பத்தான் பெஞ்சியில வந்து உக்காருதாங்க. அத நெனச்சுக்கிட்டே மிஷின எடுக்கக் கைய நீட்டுதேன், ஸ்க்ரீன விலக்கிக்கிட்டு ரெண்டு பேரு உள்ள வாராங்க.

மாப்பிள்ளையோட அப்பா, அவரோட அக்கா. அவரு செங்கோட்டையில ஏலக்கா, மிளகு யாவாரம். அளந்து பேசுதவரு. அந்த அம்மாவ வீட்டுல எல்லாரும் பெரியத்தைன்னுதான் கூப்பிடுவாங்க, அந்த வீட்டு அடுக்களைச் சாவி அவங்க இடுப்புலதான். ரெண்டு பேரும் நேரா குத்துக்கல்வலசைக்குப் போயி, அங்க பூட்டியிருக்கவும், விசாரிச்சு இங்க வந்திருக்காங்க.

பெரியத்தை உக்காரவே இல்ல. “நான் நேராவே கேக்கேன் டாக்டரம்மா. இது என்ன வியாதி? அம்மாவுக்கு வந்தது நாளைக்கு எங்க வீட்டுக்கு வார பிள்ளைக்கும் வருமா?”

சொல்லும்போதே அவங்க கண்ணு மேசையில கேஸ் சீட்டு மேல விழுந்துது. “ஆத்தாடி, இம்புட்டு நீளமாவா பேரு? இது பெரிய வியாதில்லா!”

நான் வாயத் தொறக்கதுக்குள்ள, நாற்காலியில இருந்து செண்பகத்தக்கா, கடிச்ச பல்லோட, “வியாதியெல்லாம் இல்ல மதினி. வெறகு தெறிச்சுத் தவடையில அடிச்சுட்டு”ன்னாங்க.

பெரியத்தை ரெண்டு செகண்டு அவங்களப் பாத்தாங்க. பெறகு மெதுவா மந்திரமூர்த்தி அண்ணாச்சி பக்கம் திரும்புனாங்க. “வெறகு யாரு கையில இருந்துது?”

அய்யோ, அந்த மனுசன் முகத்த நீங்க பாத்திருக்கணும். கொடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்காரு. ஒதடு அசையுது, சத்தம் வரல. பயந்தவன் முழிக்குத முழிதான் குத்தம் பண்ணுனவன் முழியும். பெரியத்தை தம்பியப் பாத்து, “கேட்டியாலே? கைநீட்டுத வீட்டுலயா பொண்ணெடுக்கோம்?”னாங்க.

வெளிய பெஞ்சியில இருமிக்கிட்டிருந்தவங்க இருமல நிறுத்திட்டாங்க. ஒரு துணி ஸ்க்ரீன் எதத் தடுக்கும்? மாப்பிள்ளையோட அப்பா கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சாரு. “வா அக்கா. இத இங்கன பேச வேண்டாம். போயிட்டுத் தாக்கல் சொல்லி விடுவோம்.” அதுக்கு என்ன அர்த்தம்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போயிச் சொல்லி விடுத தாக்கல் எதுவும் நல்ல சேதி இல்ல.

நான் செண்பகத்தக்காவப் பாத்தேன். அவங்க என்னயப் பாத்து, வேண்டாம்னு ஒரே ஒரு தடவ தலைய அசைச்சாங்க. மக கல்யாணம் கண்ணு முன்னால வாசல் தாண்டிப் போகுது, அப்பவும் அந்த அம்மா என்னயக் காப்பாத்துதாங்க. எனக்கு அழுகை வந்துட்டு. எனக்கு அழுகை வந்தாலும் கத்தத்தான் தெரியும்.

“உக்காருங்க ரெண்டு பேரும்! வெறகும் இல்ல, வியாதியும் இல்ல. இந்தம்மாவுக்கு நான் பல்லடைச்சேன். அடைப்பு மேடா நின்னுட்டு. கடிச்சுப் பாத்து அனுப்பியிருக்கணும், சரியாப் பாக்கல. அதுலதான் தவடை பூட்டிக்கிட்டு. தப்பு என்னோடது.”

வெளிய பெஞ்சியில இருந்து ரெண்டு சோடிச் செருப்பு படியிறங்கிப் போற சத்தம் கேட்டுது. போகட்டும்னு நெனச்சேன்.

பெரியத்தை கேஸ் சீட்ட வெரலால தட்டுனாங்க. “அப்ப இந்த நீளப் பேரு?”

“அது என் தப்புக்கு இங்கிலீசுல வச்ச பேரு.”

மாப்பிள்ளையோட அப்பா சிரிச்சிட்டாரு. நல்லா வயிறு குலுங்கச் சிரிச்சிட்டாரு. பெறகு பையில இருந்து கண்ணாடிய எடுத்து மாட்டுனாரு. “நான் சரக்கக் கண்ணால பாக்காம நம்புதவன் இல்ல. அந்த மேட்டக் காட்டுங்க.”

நான் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடி, மாஸ்டர் மேசையில கிடந்த கார்பன கேக்காமலே உருவிக்கிட்டு வந்தேன். கிடைச்ச எடைவெளியில ஒரு துண்டச் செருகி அக்காவக் கடிக்கச் சொன்னேன். அடைப்பு மேல ஊதாவா ஒரே ஒரு புள்ளி. மாப்பிள்ளையோட அப்பா குனிஞ்சாரு, சம்பந்தியம்மா வாய்க்குள்ள எட்டிப் பாக்கது மரியாதையான்னு சந்தேகம் வந்துட்டு, நிமிந்து பெரியத்தைய முன்னால தள்ளி விட்டாரு. பெரியத்தை டார்ச்ச எங்கிட்ட இருந்து பிடுங்கிப் பாத்தாங்க. “ஆமாலே. எள்ளு கணக்கா ஒரு புள்ளி இருக்கு. இதுவா இம்புட்டு வேலை காட்டுது?”

ராவுனேன். திரும்ப கார்பன், திரும்ப ராவுதேன். மூணாவது தடவ கடிச்சதும் செண்பகத்தக்கா கண்ணு விரிஞ்சுது. “டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் சேந்து கடிக்கி!” கன்னத்துல தண்ணி வழியுது, சிரிக்க வாய் வரல, கண்ணாலயே சிரிக்காங்க. மந்திரமூர்த்தி அண்ணாச்சி கொடைய விட்டுட்டுத் தரையில உக்காந்துட்டாரு.

ஆனா பெரியத்தை லேசுல விடுத ஆளா? “எங்க, வாயத் தொறக்கச் சொல்லுங்க.” தொறந்தாங்க. அதே ஒண்ணரை வெரலு. மேட்ட ராவிட்டா தசை ஒடனே எளகிராது, நாளாகும். “ஒரு வாரத்துல தொறக்கும்னு நெனைக்கேன்”னேன். “தொறக்கலன்னா?”ன்னு கேட்டாங்க. கண்டிப்பாத் தொறக்கும்னு சொல்லத்தான் நாக்கு துடிச்சுது. “தொறக்கலன்னா அதுக்கும் நான்தான் காரணம், வேற யாரும் இல்ல”ன்னேன்.

“கல்யாணம் நடக்கும் அக்கா”ன்னாரு தம்பி. “தப்ப ஒத்துக்கிடுத டாக்டரு சொன்னா நம்பலாம்.”

“நீ நம்பு. ஊரே செண்பகம் குலவைன்னு சொல்லுது. தாலி கட்டுதப்ப அவ வாயப் பாத்து நான் நம்பிக்கிடுதேன்”ன்னு சொல்லிட்டுப் படியிறங்கிட்டாங்க. அந்தப் பிள்ளை வாழப் போறது பெரியத்தை அடுக்களையில. அந்த அம்மா மனசுல ஒரு சந்தேகம் கிடந்தா, அது நாளைக்குக் கஞ்சியில இருந்து கண்ணீர் வரைக்கும் வந்து நிக்கும். எனக்கு அது தெரியும், செண்பகத்தக்காவுக்கு என்னய விட நல்லாவே தெரியும்.

அந்த ஒம்பது நாளும் நான் பட்ட பாடு! காலையும் மாலையும் வெந்நித் துணி ஒத்தடம். குழைஞ்ச சோறும் ரசமும். கொட்டாவி வந்தா தவடைக்குக் கீழ கையக் குடுத்துக்கிட்டுதான் விடணும். கல்யாண வீட்டுல முறுக்கு சுடுதாங்க, மணம் தெருவுக்கே வருது, அக்கா ஒரு கடி கடிக்கக் கூடாது. தெனமும் சாயந்தரம் கிளினிக்குக்கு வந்து, அவங்க வெரலயே வச்சு அளந்து காட்டணும். நாலாம் நாளு ரெண்டு வெரலு. ஆறாம் நாளும் அதே ரெண்டு வெரலு. எனக்குச் சோறு எறங்கல. ஏழாம் நாளு அண்ணாச்சி மெதுவா வந்து, “அவ தொழுவத்துல நின்னு குலவை போட்டுப் பாத்திருக்கா டாக்டரம்மா”ன்னு போட்டுக் குடுத்தாரு. நான் வைஞ்ச வைச்சல்ல தெருவுல போன சைக்கிள் நின்னு பாத்துட்டுப் போச்சு. “கல்யாணத்தன்னைக்கு வரைக்கும் மூச்சு விடப்படாது”ன்னு சத்தியம் வாங்கிட்டு அனுப்புனேன்.

ஊர்லயும் சேதி பரவிட்டு. ‘மேடா அடைக்குத டாக்டரம்மா’ன்னு எனக்கொரு பட்டம். ரெண்டு நாளு பெஞ்சியில ஈ காக்கா இல்ல. மூணாம் நாளு கடையநல்லூர்ல இருந்து ஒரு பெரிய மனுசரு, தறி போட்டிருக்கவரு, வந்து உக்காந்தாரு. “தப்ப ஒத்துக்கிட்டது நீங்கதானம்மா? எனக்கு நல்ல பல்லப் பிடுங்குன ஆளு இன்னைக்கு வரைக்கும் அது சொத்தைன்னுதான் சாதிக்காரு. நீங்களே பாருங்க. ஆனா கொஞ்சம் கார்பன் வச்சுப் பாருங்க”ன்னாரு. அதுக்கடுத்த வாரம் பெஞ்சி பத்தல. இன்னொரு பெஞ்சி செய்யச் சொன்னேன்.

உங்களுக்குச் சொல்லுதேன், ‘சரியா இருக்கா’ன்னு பேஷண்ட்டக் கேக்காதீங்க. அவங்க உங்க மேல வச்ச பிரியத்தத்தான் பதிலாச் சொல்லுவாங்க. நீங்களே பாருங்க. அப்புறம், எந்த நோவுக்கும் பேரு எழுதுதுக்கு முந்தி, இதுக்கு நான் காரணமா இருக்க முடியுமான்னு ஒரு தடவ யோசிங்க. பத்துல ஒம்பது தடவ இருக்காது. அந்த ஒரு தடவைக்காகத்தான் சொல்லுதேன்.

கல்யாணத்தன்னைக்குக் குற்றாலத்துல நல்ல சாரல். மண்டபத்து வாசல்ல நின்னா மெயினருவி சத்தம் கேக்கும். பட்டுச்சேலை நனையுது, ஒருத்தருக்கும் கவலையில்ல, எல்லா முகத்துலயும் ஈரமும் சிரிப்பும். முந்துன நாளு அளக்கையில ரெண்டரை வெரலு. அது போதுமான்னு எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்துலயும் குலவைக்கு எத்தன வெரலு தொறக்கணும்னு போடல. நான் மேடைக்குப் பக்கத்துலயே எடம் பிடிச்சு நின்னேன். எனக்கு எதிர்ல பெரியத்தை, இடுப்புல சாவிக்கொத்தோட, ஆடாம அசையாம நிக்காங்க.

அய்யரு தாலிய எடுத்துக் குடுத்தாரு. “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” தவிலும் நாயனமும் காதப் பொளக்குது. அட்சதை பறக்குது. செண்பகத்தக்கா வாயத் தொறந்தாங்க. சத்தம் வரல. ஒரு செகண்டுதான் இருக்கும், எனக்கு ஒரு வருசம் மாதிரி. தவடை ஒரு பக்கமா இழுக்குதான்னு பாக்கேன். இழுக்கல. நேரா, நடுவாப்புல, பைய இறங்குது. அப்ப வந்துது பாருங்க குலவை! அந்த மேளத்துக்கு மேல ஏறி, அருவிக்கு மேல ஏறி, மண்டபத்துக் கூரையத் தூக்குத மாதிரி ஒரு குலவை. சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாரும் கூடச் சேந்து போடுதாங்க. தவில்காரரு திரும்பிப் பாத்துட்டு இன்னும் வேகமா அடிக்காரு. மந்திரமூர்த்தி அண்ணாச்சி தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே சிரிக்காரு. நானும் கத்துனேன், என்ன கத்துனேன்னு எனக்கே தெரியாது.

அந்தப் பொண்ணு தலைதீபாவளிக்கு வந்தப்ப, கல்யாண ஆல்பத்த எடுத்துக்கிட்டு என் கிளினிக்குக்கு வந்தா. பெரியத்தைதான் அவளுக்குத் தல பின்னி விட்டு அனுப்பியிருக்காங்க, நெறைய மல்லிகைப்பூ. தாலி கட்டுத படத்த எடுத்து எங்கிட்ட நீட்டிட்டு, சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. நானும் பாத்தேன். படத்துல இருக்கிற அத்தன பேரும் தாலியப் பாத்துக்கிட்டு நிக்காங்க. இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் பெரியத்தையும் மட்டும், பொண்ணையும் பாக்காம மாப்பிள்ளையையும் பாக்காம, ஆன்னு வாயப் பிளந்துக்கிட்டு செண்பகத்தக்கா வாயையே பாத்துக்கிட்டு நிக்கோம்.